சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் வாய்ப்புகள்: எங்கே, எப்போது, எவ்வளவு செலவு?

பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.ஏ. அரசியல் அறிவியல் எடுக்கப்போகிறேன் என்றாலும், பட்டம் முடித்த பிள்ளை எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்கப்போகிறேன் என்றாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு வருவதுபோல் இந்தத் துறைகளுக்கு நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவது அரிது. பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுபவருக்கு அலைச்சல் அதிகம்.

இந்தத் துறையில் படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதுதான் இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப்பயிற்சி. ஆய்வு நிறுவனங்கள், தூதரகங்கள், தொண்டு அமைப்புகள், ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் எல்லாமே, விண்ணப்பிப்பவர் இதற்குமுன் எங்கே பயிற்சி பெற்றார், என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கின்றன. பெருநகரக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இந்த விவரம் சீனியர்கள் மூலம் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடுகிறது. சிறு ஊர்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இறுதி ஆண்டில்தான் தெரிகிறது. அதற்குள் பல வாசல்கள் மூடியிருக்கும். அந்தத் தாமதத்தைக் குறைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இன்டர்ன்ஷிப் என்றால் என்ன?

ஓர் அலுவலகத்தில் இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை மாணவராக இருந்து வேலையைக் கற்றுக்கொள்வது. செய்தித் தொகுப்பு தயாரித்தல், தரவுகளைத் திரட்டுதல், கூட்டங்களுக்குக் குறிப்பு எடுத்தல், சிறு ஆய்வுக் கட்டுரை எழுதுதல் ஆகியவை வழக்கமான வேலைகள். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். சில இடங்களில் மாதாந்தர உதவித்தொகை உண்டு. பல இடங்களில் இல்லை.

இது வேலை வாய்ப்பு உத்தரவாதம் அல்ல என்பதைக் குடும்பம் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே அலுவலகம் வேலை தரும் என்று எண்ணிச் செலவு செய்யக்கூடாது. அங்கே கிடைப்பது அனுபவம், நம்மைத் தெரிந்து பரிந்துரைக்கக்கூடிய ஓரிரு மனிதர்கள், நம் பெயரில் வெளிவந்த ஓரிரு எழுத்துகள். அடுத்த விண்ணப்பத்தில் இந்த மூன்றும்தான் கைகொடுக்கும்.

எந்த ஆண்டில் எதற்கு முயல வேண்டும்?

பலரும் செய்யும் தவறு, முதல் ஆண்டிலேயே ஐ.நா.வுக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வரவில்லை என்று மனம் தளர்வது. அங்கே முதல் ஆண்டு மாணவர்களுக்குத் தகுதியே கிடையாது. படிப்படியாகப் போவதே சரி.

இளங்கலை முதல் ஆண்டு: சொந்த ஊர் அல்லது கல்லூரி இருக்கும் நகரத்தில் தொண்டு அமைப்புகள், நூலகங்கள், பத்திரிகைகள். இணையவழித் தன்னார்வப் பணிகள்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்ததும்: மாநிலத் தலைநகரில் உள்ள ஆய்வு மையங்கள், நிதி ஆயோக்.

இளங்கலை இறுதி ஆண்டு: தேசிய மனித உரிமை ஆணையம், டெல்லி ஆய்வு நிறுவனங்கள், ஐ.நா. தலைமைச் செயலகம்.

பட்டம் பெற்றபின்னும் முதுகலையிலும்: வெளியுறவு அமைச்சகம், ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி, உலக வர்த்தக அமைப்பு.

வெளியுறவு அமைச்சகம்

இந்திய மாணவர்களுக்கு இந்தத் துறையில் உள்ள மிக மதிப்பான உள்நாட்டு வாய்ப்பு இது. வெளியுறவு அமைச்சகம் ஆண்டுக்கு இரண்டு பருவங்களாகப் பயிற்சியாளர்களைச் சேர்க்கிறது. ஒருவருக்குப் பயிற்சிக் காலம் ஒன்று முதல் மூன்று மாதம். 2022ஆம் ஆண்டுக் கொள்கையின்படி மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமும், டெல்லிக்குப் போய்வர சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் தரப்படுகின்றன. தங்குமிடம் நம் பொறுப்பு.

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பயிற்சி தொடங்குவதற்குமுன் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றால் இறுதி ஆண்டு இளங்கலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது உச்சவரம்பு 25. எந்தப் பாடத்தில் பட்டம் என்ற கட்டுப்பாடு இல்லை. மதிப்பெண் அடிப்படையில் பட்டியல் தயாரித்து, பின்னர் நேர்முகத் தேர்வு நடத்துகிறார்கள்.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இடங்கள் மாநில வாரியாகப் பகிரப்படுகின்றன. ஆகவே டெல்லி மாணவர்களே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் வேண்டாம். பெண்களுக்கும், மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று வகைப்படுத்திய மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கும் தேர்வில் முக்கியத்துவம் தரும் வகையில் இந்தக் கொள்கை வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் உள்ள மாவட்டங்கள். கீழக்கரை, தேவிப்பட்டினம், தொண்டி பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவற்றை அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு கேட்கும் வடிவத்தில் இருக்க வேண்டும். மாநில அரசுப் பணிக்கு வாங்கிய பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஒவ்வொரு பருவத்திலும் எந்தெந்த மாநிலத்தவர் விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் எது என்பதை அமைச்சகத்தின் இன்டர்ன்ஷிப் இணையதளத்தில் வரும் அறிவிப்பைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பழைய செய்தியை நம்பி இருந்துவிடக்கூடாது.

நிதி ஆயோக், மனித உரிமை ஆணையம்

நிதி ஆயோக் ஆண்டு முழுவதும் மாணவர்களைச் சேர்க்கிறது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை இணையவழி விண்ணப்பம் திறந்திருக்கும். இளங்கலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டை முடித்து, பிளஸ் டூவில் 85 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் முதல் ஆண்டை முடித்து, பட்டப்படிப்பில் 70 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை. ஊதியம் கிடையாது. லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும்.

பிளஸ் டூ மதிப்பெண் இங்கே கேட்கப்படுகிறது என்பதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். "கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, இனி அந்த மார்க் எதற்கு?" என்று நினைப்பவர்கள் பலர்.

தேசிய மனித உரிமை ஆணையம் டெல்லியில் கோடை, குளிர் காலங்களில் நேரடிப் பயிற்சியும், அவ்வப்போது இரண்டு வார இணையவழிப் பயிற்சியும் நடத்துகிறது. சட்டம், அரசியல் அறிவியல், சமூகவியல் மாணவர்களுடன் சர்வதேச உறவுகள் மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே பங்கேற்க முடியும் என்பதால் இணையவழிப் பயிற்சி முதல் அனுபவத்துக்கு நல்லது.

ஆய்வு நிறுவனங்கள்

வெளியுறவுத் துறையில் கட்டுரை எழுதுவதும் அரசுக்கு ஆலோசனை சொல்வதுமே இந்த நிறுவனங்களின் வேலை. டெல்லியில் சப்ரு ஹவுஸில் இயங்கும் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் 1943இல் தொடங்கப்பட்டது. பாதுகாப்புத் துறை சார்ந்த மனோகர் பாரிக்கர் நிறுவனம் 1965இல் தொடங்கப்பட்டது. 1990 முதல் இயங்கும் அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், 1996இல் தொடங்கிய அமைதி மற்றும் மோதல் ஆய்வுகள் நிறுவனம், வளரும் நாடுகளின் பொருளாதாரத்தை ஆராயும் ஆர்.ஐ.எஸ். ஆகியவையும் டெல்லியில் உள்ளன. மும்பையில் கேட்வே ஹவுஸ், பெங்களூருவில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனம், கொச்சியில் பொதுக்கொள்கை ஆய்வு மையம், சென்னையில் சீன ஆய்வுகளுக்கான சென்னை மையம் ஆகியவை தென்னிந்திய மாணவர்களுக்கு நெருக்கமானவை.

இவற்றில் பெரும்பாலானவை மதிப்பெண் பட்டியலைவிட எழுத்து மாதிரியையே கவனித்துப் பார்க்கும். இங்கேதான் நம் பிள்ளைகள் தங்கள் பலத்தை உணராமல் இருக்கிறார்கள். அமெரிக்கா, சீனா பற்றி எல்லோரும் எழுதும் கட்டுரையை இன்னொரு முறை எழுதுவதைவிட, தான் நேரில் அறிந்ததை எழுதுவது மேல். வளைகுடாவுக்குப் போய்த் திரும்பிய தொழிலாளர்களின் நிலை, பாக் நீரிணையில் மீனவர் கைது, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள், காயல்பட்டினத்துக்கும் இலங்கைக்கும், நாகூருக்கும் மலேசியாவுக்கும் உள்ள பழைய வணிக உறவு ஆகிய அனைத்தும் சர்வதேச உறவுகள் பாடத்துக்குள் வருபவைதான். டெல்லி மாணவர் நூலகத்தில் தேடுவதை நம் பிள்ளை தெருவில் நாலு பெரியவர்களிடம் பேசித் தெரிந்துகொள்ள முடியும். ஆயிரத்து ஐந்நூறு சொற்களில் நல்ல ஆங்கிலத்தில், ஆதாரங்களுடன் அப்படி ஒரு கட்டுரை கையில் இருந்தால் அதையே பல இடங்களுக்கு எழுத்து மாதிரியாக அனுப்பலாம்.

சென்னையிலேயே கிடைக்கும் வாய்ப்புகள்

வெளிநாட்டு விவகாரம் என்றாலே டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் துணைத் தூதரகங்கள் சென்னையில் உள்ளன. பிரான்சின் துணைத் தூதரகம் புதுச்சேரியில் உள்ளது. எல்லாத் தூதரகங்களும் இந்திய மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சில தம் நாட்டுக் குடிமக்களை மட்டுமே சேர்க்கும். பண்பாட்டு மையங்களும் வர்த்தகச் சங்கங்களும் ஓரளவு தாராளமாக இருக்கும். ஜெர்மனியின் கோத்தே நிலையம், பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியப் பண்பாட்டுக்கான இன்கோ மையம், இந்திய ஜெர்மன் வர்த்தகச் சங்கம் போன்றவற்றில் நேரில் சென்று விசாரிப்பதில் தயக்கம் வேண்டாம். அங்கே மொழி கற்கும் மாணவர்களுக்கு அறிவிப்புகள் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது கூடுதல் பயன்.

ஐ.நா. அகதிகள் அமைப்புக்கும் யுனிசெஃபுக்கும் சென்னையில் அலுவலகங்கள் உள்ளன. இலங்கை அகதிகளுக்காக 1984 முதல் உழைத்துவரும் ஆஃபர் எனும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான் உள்ளன. அகதிகள், உணவுப் பாதுகாப்பு, பருவநிலை மாற்றம் ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்கள் இத்தகைய அமைப்புகளில் களப்பணி செய்துவிட்டு ஐ.நா.வுக்கு விண்ணப்பித்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும்.

ஐக்கிய நாடுகள் சபை

ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப் நியூயார்க், ஜெனீவா, வியன்னா, நைரோபி, பாங்காக் முதலிய நகரங்களில் நடக்கிறது. காலம் இரண்டு முதல் ஆறு மாதம். முதுகலை அல்லது ஆய்வுப் படிப்பில் இருப்பவர்கள், இளங்கலை இறுதி ஆண்டில் இருப்பவர்கள், பட்டம் முடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். ஐ.நா. ஊழியர்களின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் விண்ணப்பிக்க முடியாது.

ஆனால் தலைமைச் செயலகம் ஊதியம் தருவதில்லை. விசா, விமானப் பயணம், வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் மாணவர் செலவு. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. பயிற்சிக்குச் சென்ற நியூசிலாந்து மாணவர் ஒருவர், வாடகை கொடுக்க முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. வசதி உள்ள நாட்டு மாணவருக்கே அந்த நிலை என்றால் நாம் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

தலைமைச் செயலகத்திலிருந்து தனித்து இயங்கும் சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உலக உணவுத் திட்டம், உலக சுகாதார அமைப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தொகை ஊருக்கு ஊர், அமைப்புக்கு அமைப்பு மாறும். பல அமைப்புகளுக்கு டெல்லியிலேயே அலுவலகம் இருப்பதால் விசாவும் விமானச் செலவும் இல்லாமல் பயிற்சி பெற முடியும். ஜெனீவாவில் மூன்று மாதம் கடன் வாங்கிக் கழிப்பதைவிட டெல்லியில் அதே பயிற்சியை முடிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. சான்றிதழில் இருக்கும் அமைப்பின் பெயர் ஒன்றுதான்.

2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவி நிதியைப் பெருமளவு குறைத்தபின் ஐ.நா. அகதிகள் அமைப்பு, உலக உணவுத் திட்டம் போன்றவை ஆட்குறைப்பு செய்தன. எனவே போட்டி முன்பைவிடக் கடுமையாக இருக்கும். ஒரே விண்ணப்பத்தை நம்பி இராமல் பல இடங்களில் முயல வேண்டும்.

உலக வங்கி, உலக வர்த்தக அமைப்பு

வாஷிங்டனில் உள்ள உலக வங்கி, முதுகலை அல்லது ஆய்வுப் படிப்பில் முழுநேரம் சேர்ந்துள்ள மாணவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சி தருகிறது. பொருளாதாரம், புள்ளியியல், பொதுக்கொள்கை தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில், முதுகலையில் குறைந்தது ஓராண்டு முடித்த, 21 முதல் 30 வயதுக்கு உட்பட்ட உறுப்பு நாட்டு மாணவர்களுக்கு இடம் உண்டு. இந்தியா உறுப்பு நாடு. இங்கே நாள் ஒன்றுக்கு 60 சுவிஸ் பிராங்க் படி தருகிறார்கள்.

அரபு மொழி தெரிந்தவர்களுக்கு

ஐ.நா.வின் ஆறு அதிகாரப்பூர்வ மொழிகளில் அரபும் ஒன்று. 1973 டிசம்பர் 18 அன்று பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டதால்தான் அந்த நாள் உலக அரபு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. மேற்காசியா பற்றி ஆய்வு செய்யும் நிறுவனங்கள், செய்தி நிறுவனங்கள், அகதிகளுக்கான அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அரபு படிக்கத் தெரிந்தவர்கள் தேவை.

நம் சமுதாயத்தில் மதரஸாவில் ஓதி ஆலிம் பட்டம் பெற்று, அத்துடன் கல்லூரிப் பட்டமும் முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இமாமத், ஆசிரியப் பணி தவிர வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மதரஸாவில் கற்ற இலக்கண அரபுடன் இன்றைய செய்தித்தாள் அரபையும், நல்ல ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டால் இவர்களுக்கு இந்தத் துறையில் தனி இடம் உண்டு. டெல்லி ஜாமியா மில்லியா, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், அலிகர் ஆகியவற்றில் மேற்காசியா பற்றிய தனித் துறைகள் இருக்கின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 57 நாடுகளைக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் இந்தியா உறுப்பினர் அல்ல. அதைச் சார்ந்த அமைப்புகளின் அறிவிப்புகளில் 'உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்' என்று இருந்தால் நாம் விண்ணப்பித்துப் பயனில்லை.

வளைகுடாவில் பெற்றோருடன் வசிக்கும் மாணவர்கள் விடுமுறையில் அங்கேயே பயிற்சி பெறலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாணவர் பயிற்சிக்கெனத் தனி அனுமதி உண்டு. துபாயில் 2003 முதல் இயங்கும் சர்வதேச மனிதநேய நகரத்தில் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் நிவாரணப் பொருட்களைச் சேமித்து அனுப்புகின்றன. ஆனால் ஊரிலிருந்து விசிட் விசாவில் சென்று எந்த அலுவலகத்திலும் 'பயிற்சி' என்ற பெயரில் வேலை செய்யக்கூடாது. அது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

பெண் பிள்ளைகளை அனுப்புவது

இந்தப் படிப்பில் பெண் பிள்ளைகள் நன்றாகவே மதிப்பெண் எடுக்கிறார்கள். பயிற்சிக்கு வெளியூர் என்றதும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. முழுவதும் மறுப்பதற்கும் முழுவதும் சம்மதிப்பதற்கும் நடுவே வழிகள் உள்ளன.

முதலாவது, வீட்டிலிருந்தே செய்வது. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணியில் 18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், 12 வாரங்கள் வரை. மொழிபெயர்ப்பு, ஆய்வு, எழுத்து, வடிவமைப்பு போன்ற வேலைகள் இருக்கும். ஊதியம் இல்லை, ஆனால் சான்றிதழ் உண்டு. இரண்டாவது, சென்னை, பெங்களூரு போன்ற உறவினர் இருக்கும் நகரங்களைத் தேர்ந்தெடுப்பது. மூன்றாவது, ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு மூன்று மாணவிகள் சேர்ந்து விண்ணப்பித்துச் சேர்ந்து தங்குவது. டெல்லியில் ஜாமியா பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஓக்லா பகுதியில் மாணவ மாணவியர் தங்கும் விடுதிகள் நிறைய உள்ளன. ஹலால் உணவுக்கும் சிரமமில்லை. ஜாமியா மெட்ரோ நிலையத்தில் ஏறி கல்காஜி மந்திரில் மாறினால் ஜன்பத், மத்தியச் செயலகம் வரை நேராகப் போய்விடலாம்.

அனுப்பும் முன் வாப்பாவோ அண்ணனோ ஒருமுறை உடன் சென்று தங்குமிடத்தையும் அலுவலகத்தையும் பார்த்து வரலாம். அந்த அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்கிறதா என்று கேட்பதும் தவறல்ல. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பயிற்சி மாணவிகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

விண்ணப்பத்துக்குத் தேவையானவை

பாஸ்போர்ட்: முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பெயரும் தந்தை பெயரும் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். முஹம்மது என்ற பெயரை மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக எழுதிவைத்து அலைபவர்கள் நம்மிடையே அதிகம்.

சுயவிவரக் குறிப்பு: ஒரே பக்கம். புகைப்படம், மதம், குடும்ப விவரம் வேண்டாம். படிப்பு, செய்த வேலை, தெரிந்த மொழிகள், எழுதிய கட்டுரைகள் போதும். தமிழ், ஆங்கிலம், அரபு, உருது எதுவானாலும் எந்த அளவு தெரியும் என்று உண்மையாகக் குறிப்பிடுங்கள்.

விண்ணப்பக் கடிதம்: இந்த அமைப்பு என்ன செய்கிறது, அதில் எந்தப் பிரிவில் சேர விருப்பம், என்னால் என்ன செய்ய முடியும் என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்பும் கடிதத்தைப் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்து மாதிரி: மேலே சொன்னதுபோல் சொந்தமாக எழுதிய கட்டுரை. பிறர் எழுத்தை எடுத்துப் போடுவதும், கணினியிடம் எழுதி வாங்கி அப்படியே கொடுப்பதும் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

கல்லூரியின் தடையில்லாச் சான்று, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்: கடைசி நாளில் போய் நிற்காமல் மூன்று வாரம் முன்பே கேளுங்கள்.

மோசடிகளில் சிக்காதீர்கள்

ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணமோ, நேர்முகக் கட்டணமோ, பயிற்சிக் கட்டணமோ வாங்குவதில்லை. பணம் கேட்டாலே அது மோசடி. இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து நியமனக் கடிதம் வந்தால் அந்த அமைப்பின் சொந்த இணையதளத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சில தனியார் நிறுவனங்கள் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மாத இணையவழி 'சர்வதேச இன்டர்ன்ஷிப்' நடத்திச் சான்றிதழ் தருகின்றன. வேலையே செய்யாமல் கிடைக்கும் அந்தத் தாளுக்கு எங்கும் மதிப்பில்லை. இதைவிட ஆபத்தானது, தாய்லாந்து, கம்போடியா, மியான்மர் பக்கம் கணினி வேலை, பயிற்சி என்று அழைத்துச் சென்று இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கும்பல்கள். இதுபற்றி இந்திய அரசு 2022 முதல் எச்சரித்து வருகிறது. பட்டதாரி இளைஞர்களே இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள்.

சேர்ந்தபின்

கிடைத்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. முதல் வாரத்திலேயே பொறுப்பாளரிடம், முடிக்கும்போது என் பெயரில் ஒரு கட்டுரையோ அறிக்கையோ இருக்க வேண்டும் என்று பணிவுடன் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நகல் எடுப்பதிலும் அறை ஏற்பாடு செய்வதிலும் காலம் போய்விடும். கொடுத்த வேலையைச் சொன்ன நாளில் முடியுங்கள். அலுவலக ரகசியங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். தொழுகைக்கு நேரமும் இடமும் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அது பிரச்சினை ஆவதில்லை. விடைபெறும்போது சான்றிதழை வாங்குவதோடு, பிற்காலத்தில் உங்கள் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டுவையுங்கள்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்யக்கூடியது

நம் ஊர்களில் கல்வி உதவி என்றால் மருத்துவம், பொறியியல் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. தேவையான உதவிதான். ஆனால் நிதி ஆயோக்கிலோ ஐ.நா. டெல்லி அலுவலகத்திலோ ஊதியமில்லாத இடம் கிடைத்த ஒரு மாணவர், இரண்டு மாத அறை வாடகைக்கு வழியில்லாமல் அதைக் கைவிட நேர்ந்தால், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். கல்லூரியின் ஓராண்டுக் கட்டணத்தைவிடச் சிறிய தொகை அது. ஊர் நலச் சங்கங்களும், வளைகுடாவில் இயங்கும் நம் ஊர் அமைப்புகளும் தங்கள் கல்வி உதவிப் பட்டியலில் 'பயிற்சிக்கான பயண, தங்குமிட உதவி' என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். நியமனக் கடிதத்தைப் பார்த்து நேரடியாக விடுதிக்கே தொகையைச் செலுத்தினால் முறைகேட்டுக்கும் இடமிருக்காது. டெல்லியில் படிக்கும், பணிபுரியும் நம் ஊர்க்காரர்களின் தொலைபேசி எண்களைத் திரட்டி வைத்தால் அதுவே பாதி உதவி.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறாயா என்று பிள்ளையைக் கேட்கும்முன், அந்த அமைப்பு எது, அங்கே என்ன கற்றுக்கொள்வாய், செலவு எவ்வளவு, முடிந்தபின் எங்கே விண்ணப்பிப்பாய் என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் நம்பி அனுப்பலாம். பதில் வரவில்லை என்றால் தடுக்க வேண்டாம். இந்தக் கட்டுரையைக் கொடுத்து, பதிலைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.